முப்பது வினாடி

ஐயா, அதிர்வைப் பதியும் அந்தப் பெட்டி நல்ல பெட்டி. ஆறு வருடத்தில் ஒருமுறைகூட மக்கர் செய்ததில்லை. தயாரித்தவர்களைக் கூப்பிட்டு விசாரித்து உங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கொதிகலனுக்குக் காற்று ஊதும் பெரிய விசிறியின் பேரிங்கில் சென்சார் பொருத்தியிருக்கும். அதிர்வு எல்லையைத் தாண்டி மூன்று வினாடி நீடித்தால் பெட்டி தானாகவே பதிவு எடுத்து, என் போனுக்கு அழைப்பு அனுப்பும். இதற்கு ட்ரிகர் என்று பெயர். வீட்டில் இருந்தாலும் இருபது நிமிடத்தில் நான் அங்கே போய் நிற்க வேண்டும். எல்லை எவ்வளவு, எத்தனை வினாடி என்று அமைப்பதும் என் வேலைதான். பதிவு விழவில்லை என்றால் இயந்திரம் நலம். ஆலையில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

குழந்தை தங்காமல் போனதிலிருந்து என் மனைவிக்கு மனம் சரியில்லை. காலையில் பக்கத்து வீட்டம்மா துணைக்கு இருப்பார். மதியத்துக்கு மேல் நான்தான். போன மாதம் ஒருநாள் அழைப்பு வந்து நான் ஆலைக்கு ஓடிய நேரத்தில் அவள் உயிரை விடப் பார்த்தாள். கதவை உடைத்துத்தான் தூக்கினேன். அன்றிலிருந்து போன் ஒலித்தால் முதலில் அவள் எங்கே என்றுதான் தேடுவேன். விடுப்புக் கேட்டேன், மாற்று ஆள் இல்லை என்றார் மேலாளர். காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்கள்.

அதே வாரம் அந்த விசிறி அடிக்கடி அழைக்க ஆரம்பித்தது. பதிவுகளைப் பார்த்தேன். அதிர்வு விட்டு விட்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் இருபது, இருபத்திரண்டு வினாடி. அதற்கு மேல் இல்லை. நான் எல்லையைத் தொடவே இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வினாடியை முப்பது ஆக்கினேன், அவ்வளவுதான். குத்துமதிப்பாகப் போட்ட எண் இல்லை அது.

அந்த விசிறியை ஓட்டுபவன் என் மைத்துனன், அவளுடைய ஒரே தம்பி. "என்ன அத்தான், உங்க பெட்டிக்கு வாயடைச்சுப் போச்சா?" என்று கிண்டல் செய்தான். இரண்டு நாள் கழித்து அவனே வந்தான்.

"தரையெல்லாம் நடுங்குது அத்தான். நிறுத்தச் சொல்லட்டா?"

"பதிவு ஏதாச்சும் விழுந்திருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? போய் வேலையப் பாரு."

போனான். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை.

சனிக்கிழமை காலை என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அக்கா எல்லாத்தையும் சொல்லிடுச்சு. ஏன் அத்தான் என்கிட்ட மறைச்சீங்க? திங்கக்கிழமை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். என் பொண்டாட்டி இருக்கா, பிள்ளைங்க இருக்கு. அக்காவுக்கும் வரணும்னுதான் ஆசை." அவன் கண் கலங்கியிருந்தது. சரி என்றேன்.

இனி எந்த அழைப்பு வந்தாலும் நான் ஓடலாம். முப்பதை மறுபடி மூன்றாக்க அரை நிமிடம் போதும். அன்று கணினி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் தம்பி வீட்டுக்குப் போகத் துணிமணிகளை மடித்து வைக்கத் தொடங்கியிருந்தது நினைவுக்கு வந்தது. எனக்கு அழுகை வந்தது. கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் அவனுக்கு ஷிப்ட் என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிறு பத்தரை மணிக்குப் பேரிங் உடைந்தது. விசிறியின் இறக்கை உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. அவன் பக்கத்தில் நின்றிருந்தான். எல்லாம் முடிய முப்பது வினாடிகூட ஆகவில்லை, அதனால் பெட்டி அப்போதும் எதையும் பதியவில்லை.

"மெஷின் எதுவுமே காட்டலியாங்க?" என்று என் மனைவி கேட்டாள். இல்லை என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

அவள் தம்பியின் மனைவி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். இவளுக்கு இனிப் போக்கிடம் இல்லை. நான் ஒரு நிமிடம்கூடத் தனியே விடுவதில்லை. இப்போதும் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். எழுதி முடித்ததும் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள் ஐயா, அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.