பொன்மணிக்கு எடுத்த பெரிய கரைச் சேலை

“பிள்ளைக்குச் சேலை எடுக்குதியா, பந்தலுக்குப் படுதா எடுக்குதியாட்டி? கரையே முழங்கால் வரைக்கும் வருது!”

செண்பகவல்லி அத்தை போட்ட சத்தத்தில், எதிர்ப்பக்கம் ரவிக்கைத் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதை மடியில் போட்டுக்கொண்டு எங்களை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜவுளிக்கடையில் சண்டை போடாமல் முகூர்த்தப் பட்டு எடுத்த குடும்பம் கோவில்பட்டியில் இதுவரை கிடையாது. அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“சின்னக் கரை எடுத்தா மணவறையில பொண்ணு கண்ணுக்கே படமாட்டா அத்தை. குட்டையான பிள்ளைக்குச் சேலைதான் எடுப்பா இருக்கணும்” என்றேன்.

“எடுப்பா இருக்குமா? சேலை தனியா நடந்து வரும். பிள்ளை உள்ள எங்கனயோ கெடப்பா.”

கடைக்கார அண்ணாச்சி, “இது கொஞ்சம் ஒசரமானவியளுக்குத்தான்…” என்று ஆரம்பித்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். மீதியை விழுங்கிவிட்டுக் காப்பி சொல்லப் போய்விட்டார்.

முந்தியைக் காட்டுவதற்காக அந்தச் சேலையை என் தோளில் விரித்துப் போட்டேன். அரக்கு உடல், மாம்பழ மஞ்சளில் அகலக் கரை, கை அகலத்துக்கு ஒவ்வொரு மயில். கண்ணாடியில் நன்றாகத்தான் இருந்தது. செண்பகவல்லி அத்தையே முந்தியைத் தடவிப் பார்த்தார். கல்யாணப் பெண் பொன்மணி, “சுதாக்கா எடுத்தா சரியாத்தான் இருக்கும் அத்தை” என்றாள். அத்தோடு சண்டை முடிந்தது.

சேலை எடுப்பதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கழுகுமலைக்காரர்களும் நாகலாபுரத்துக்காரர்களும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் வீட்டுக்கு வந்து என்னையும் கூட்டிக்கொண்டுதான் கடை ஏறுவார்கள். என்னோடு வந்தால் நல்ல சேலையும் கிடைக்கும், எந்த வீட்டு மருமகள் எந்த வீட்டு மாமியாரோடு பேசுவதில்லை என்ற விவரமும் கிடைக்கும். ஒன்றைத் தேடி வந்துவிட்டு இரண்டையும் வாங்கிக்கொண்டு போவார்கள். பிறகு, சுதாராணிக்கு வாய் ஜாஸ்தி என்று அவர்களே சொல்வார்கள்.

குட்டையான பெண்ணுக்குச் சேலை எடுப்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. கரை ஒல்லியாக இருக்க வேண்டும். உடலும் ரவிக்கையும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். பட்டு விறைப்பாக நிற்காமல் மெத்தென்று கீழே விழ வேண்டும். பூ சின்னதாக, நெருக்கமாக இருந்தால் ஆள் இரண்டு விரல் வளர்ந்தது போலத் தெரிவாள். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த மயில் சேலையை எடுத்தேன். ரவிக்கைக்கு வேறு நிறம் வைத்து, கையில் நிறையச் சுருக்கம் வைத்துப் பொம்மென்று தைக்கச் சொல்லித் தையல்காரரிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் தைப்பார்கள்.

பொறாமை என்று நினைப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை நவநீதகிருஷ்ணன் அதற்கு முந்தின தை மாசம் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர், அவ்வளவுதான். மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை, அமைதியான ஆள். என் கையால் கொடுத்த கேசரியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அவருடைய அம்மாதான் போகும்போது, “பொண்ணு எங்க பையனைவிட ஒசரமா இருக்கு, சோடி பொருந்தாது” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அவர் கட்டியிருந்த பச்சைச் சேலை அவரைப் பத்து வயது கூட்டிக் காட்டியது. அதை அவரிடம் சொன்னேன், அவருடைய நல்லதுக்காக. மூத்த மருமகள் ஏன் தாய்வீட்டில் இருக்கிறாள் என்றும் விசாரித்தேன். இரண்டையும் அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆக, உயரம் ஒன்றுதான் தடையாக இருந்தது.

பிறகு அவர்கள் அடுத்த வீட்டுப் படியேறினார்கள். பொன்மணியைப் பார்த்தார்கள். பேசி முடித்துவிட்டார்கள். பொன்மணியின் அம்மா பார்வதியம்மாள் சித்தி சந்தோஷத்தில் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் இனிப்புக் கொண்டுவந்தார். கடம்பூர்ப் போளி. நான் தின்றேன். நன்றாக இருந்தது.

“சோடிப் பொருத்தம் அப்படி ஒரு பொருத்தம்னு மாப்பிள்ளையோட அம்மையே சொன்னாவ சுதா” என்றார் சித்தி.

பொன்மணியை நான் தூக்கி வளர்த்திருக்கிறேன். முதன்முதலில் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். அவளுடைய அப்பா, அழகிரிசாமி சித்தப்பா, பருத்திக் கமிஷன் கடையில் எடை போடுபவர். சீசனில் அவருக்குத் தலை சொறிய நேரம் இருக்காது. அந்தக் காலத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர வேண்டுமானால் வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் வயது ஆகவில்லை. பொன்மணிக்கு எட்டவில்லை. நான் பின்னாலிருந்து விரலைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தேன். “அடுத்த வருசம் கொண்டாம்மா” என்றார் வாத்தியார். அடுத்த வருஷமும் எட்டவில்லை. அதற்கும் அடுத்த வருஷம் எட்டியது. வாத்தியார் அன்றைக்கு ஐந்து முடிந்ததாகக் கணக்குப் போட்டு ஒரு ஜூன் மாசத் தேதியை எழுதிவிட்டார். வீட்டில் பிறந்த பிள்ளை, வேறு பதிவு எதுவும் கிடையாது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு ஜாதகத்தில் ஒரு வயது, சர்டிபிகேட்டில் ஒரு வயது. சர்க்கார் வேலைக்குப் போகிறவன் சந்தோஷப்படுவான். மற்றவர்கள் மறந்துவிடுவார்கள்.

நான் எதையும் மறப்பதில்லை. கல்யாணம் வைத்த ஆவணியில் பொன்மணிக்கு உண்மையில் இருபது முடிந்துவிட்டது. சர்டிபிகேட்டில் பதினெட்டு ஆக இன்னும் சில மாசங்கள் இருந்தன.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கழுகுமலைக்குச் சாமி கும்பிடப் போனேன். கும்பிட்டுவிட்டு வரும் வழியில் பெட்டிக்கடை வாசலில் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் போன் இருந்தது. குழந்தைக் கல்யாணம் நடந்தால் தகவல் சொல்லச் சொல்லிப் பஸ்ஸில் எல்லாம் நம்பர் ஒட்டியிருந்தார்கள். மண்டபத்தின் பெயரையும் நேரத்தையும் சொன்னேன். “பள்ளிக்கூட சர்டிபிகேட்டைக் கேளுங்கம்மா, ஜாதகத்தை நம்பாதீங்க. ஒரு பிள்ளையைக் காப்பாத்துங்க” என்றேன். சொல்லும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பொன்மணிக்குச் சேலை கட்டிவிட்டதும் நான்தான். கொசுவத்தைச் சுருக்கமாக வைத்து, மிச்சத்தை இடுப்பில் பொதியாகச் செருகினேன். அந்த அகலக் கரைக்கும் பொம்மென்ற கைக்கும் நடுவில் அவள் முகம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகமாக இருந்தது.

“நல்லா இருக்கேனாக்கா?” என்று கேட்டாள்.

“கண்ணே பட்டுரும்” என்றேன்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஜீப் வந்தது. சமூகநலத்துறை அம்மா ஒருவர், கூடவே போலீஸ். சித்தப்பா ஜாதகத்தைக் கொண்டுவந்து காட்டினார். பிறகு சர்டிபிகேட். காதைத் தொட்ட கதையைச் சொல்லப் பார்த்தார். தன் கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொட்டுக் காட்டினார். வேட்டியும் சந்தனமுமாக ஒரு பெரிய மனிதர் அப்படி நின்றதைப் பார்த்துப் போலீஸ்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். “அன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கூடப் போனவிய யாராவது இருக்காவளா?” என்று அந்த அம்மா கேட்டார். சித்தப்பா கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் அந்த நேரம் பந்தியில் தண்ணீர் வைக்கப் போயிருந்தேன்.

அந்த அம்மா நல்லவர். சில மாசம்தானே என்று யோசித்ததாகத்தான் பிறகு கேள்விப்பட்டேன். ஒருமுறை மணவறையைத் திரும்பிப் பார்த்தாராம். அங்கே மயிலுக்கு நடுவில் பொன்மணி உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் அவர் யோசிக்கவில்லை, கல்யாணத்தை நிறுத்திவிட்டார். அந்த ஒரு பார்வைக்காகத்தான் நான் அந்தச் சேலையை எடுத்தேன்.

முகூர்த்தம் தாண்ட இன்னும் நேரம் இருந்தது. நான் முன் வரிசைக்கு வந்து உட்கார்ந்தேன். பட்டு கட்டியிருந்தேன், தலை நிறையப் பூ இருந்தது. இப்படி நேரங்களில் கூட்டத்தில் இருக்கும் வேறு பெண்ணுக்குத் தாலி கட்டுவது உலகத்தில் நடக்காதது இல்லை. மாப்பிள்ளையின் அம்மா மண்டபத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தபோது நான் கொஞ்சம் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். அவர் பார்வை என்னைத் தாண்டிப் போய்விட்டது.

மாப்பிள்ளையையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று எனக்குத் தெரியாது. அது மட்டும் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் வரை எல்லாரையும் உட்கார வைத்து எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் வைத்து மாப்பிள்ளையின் அம்மா, “வயசை மறைச்சு பச்சப்பிள்ளைய எங்க தலையில கட்டப் பாத்தீரே, நீரெல்லாம் ஒரு மனுசனா?” என்று சித்தப்பாவைக் கேட்டாராம். மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. பெண்ணின் முகத்தை மறைத்திருந்தார்கள். சேலை மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அதைப் பார்த்துவிட்டுக் காட்டுப்பக்கம் போன சித்தப்பா நடந்து திரும்பவில்லை. பருத்திக்கு மருந்தடிக்கப் போனவர்கள் கட்டிலில் தூக்கி வந்தார்கள். மழை பெய்த கரிசல். தூக்கியவர்களின் கால் ஒவ்வொரு எட்டுக்கும் புதைந்தது.

சித்தியின் பிறந்த வீட்டார், தாலி கழற்றும் அன்று போர்த்தக் கோடிச்சேலை எடுக்க வேண்டும் என்றார்கள். எங்கே எடுப்பது, எப்படி எடுப்பது என்று யாருக்கும் புரியவில்லை. “சுதாவைக் கூட்டிட்டுப் போங்க” என்று செண்பகவல்லி அத்தைதான் அழுகைக்கு நடுவில் சொன்னார். போனேன். வெளிர் சாம்பலில் ஒல்லிக் கரை. சித்தியும் மகளைப் போலக் குட்டைதான். அவருக்கு அது அவ்வளவு பொருத்தமாக அமைந்தது. அந்த நிலையிலும் ஒருவர் இருவர் அதைச் சொன்னார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு யாரோ சொல்லி, பொன்மணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் எலும்பைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். இருபது வயது இருக்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன கேட்பது?

தாயும் மகளும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். பொன்மணி பனியன் கம்பெனியில் துணி மடிக்கிறாளாம். அங்கேயே கூட வேலை பார்க்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டாள் என்றும் கேள்வி. என்ன சேலை கட்டினாளோ, என்னைக் கூப்பிடவில்லை. வீட்டைக் காலி செய்த அன்று சித்தி அந்த மயில் சேலையைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டுப் பணத்தில் எடுத்தது, அவர்கள் திருப்பி வாங்க மறுத்துவிட்டார்களாம். “நீ ஆசையா எடுத்தது தாயி, உனக்காவது ஒதவட்டும்” என்றார். அன்று மத்தியானம் கட்டிப் பார்த்தேன். எனக்கென்றே நெய்தது போல இருந்தது.

நவநீதகிருஷ்ணனுக்கு மறு தையிலேயே கல்யாணம் முடிந்துவிட்டது. பெண் சாத்தூர்ப் பக்கம். கடையில் கல்லாவுக்கு மேலே கல்யாணப் படத்தை மாட்டியிருக்கிறார்கள். ஆணி வாங்கப் போனபோது பார்த்தேன். படத்தில் அந்தப் பெண் அவரைவிட நாலு விரல் உயரமாகத் தெரிகிறாள். போட்டோக்காரர் அவளை ஏதோ பலகைமேல் ஏற்றி நிற்க வைத்திருக்கிறார். எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர்களுக்கு அவ்வளவுதான் வேலை தெரியும்.