ஆட்டின் மூச்சும் கோழியின் மூச்சும் அறிந்த டாக்டர் தேவகுமாரி அவர்களுக்கு

சேர்வராயன் மலைச் சாரலிலே சேவையொன்றையே செல்வமெனச் சேர்த்த செம்மலே, வாயில்லா உயிர்களின் வலியறிந்த வள்ளலே, ஏற்காடு கால்நடை மருந்தகத்தின் தலைமகளே, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அன்பு அம்மையீர், வணக்கம்.

மாரமங்கலத்து மாடும் கொட்டச்சேட்டுக் கன்றும் தங்கள் கைபட்டு எழுந்த காலம் இருபத்திரண்டு ஆண்டு. கோபம் தங்களுக்கு மூக்கின் மேல்தான். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியில் நாங்கள் மோர் பாட்டில் வைத்த அன்று வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் மறக்கவில்லை. அதையும் சேர்த்தே பாராட்டுகிறோம்.

ஆயினும் இம்மடல் பிறந்தது ஒரேயொரு நாளால். தாங்கள் அறிந்த கதைதான், சபையோருக்காகச் சொல்கிறோம்.

மூன்றாண்டுகளுக்கு முன், மழையும் மூடுபனியுமான ஒரு காலை. நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஏழு கோழிகள் அடுத்தடுத்துச் செத்தன. டாக்டர், உதவியாளர் மனுவேலோடு போனார். காப்பிக்கொட்டை தரம் பிரிக்கும் கொட்டகையின் ஓரத்தில்தான் கூடு. சாரலுக்குப் பயந்து கதவு சன்னலெல்லாம் சாத்தி, பதினொரு பெண்கள் உள்ளே வேலையாக இருந்தார்கள். டாக்டர் பார்த்ததும் பாராததுமாக வெள்ளைக் கழிச்சல் நோய் என்று எழுதி, மிச்சக் கோழிகளுக்கு ஊசி போட்டு, பஸ் ஏறிவிட்டார்.

உட்கார்ந்த பிறகுதான் மனம் உறுத்தியது. கழிச்சல் என்று எழுதினோமே, கூட்டில் கழிச்சலே இல்லையே. அதே கொட்டகையில் பங்களாக் கதவுகளின் பழைய பெயிண்டை உரிக்க மருந்து பூசி வைத்திருந்தார்களே. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

"நாளைக்கு வந்து சொல்லிக்கலாமுங்க டாக்டர்" என்றார் மனுவேல். டாக்டர் அதற்குள் மழையில் நடக்கத் தொடங்கியிருந்தார்.

பெயிண்ட் மருந்துதான் காரணம் என்று டாக்டர் சொன்னதும், எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் அண்ணாதுரை வாசலிலேயே மறித்தார். "ரெண்டு ஆடும் உள்ளதானுங்க கட்டியிருக்குது. நல்லா அசை போடுது பாருங்க. மருந்துல கெடுதல் இருந்தா அதுக்கும் வந்திருக்கோணுமில்லீங்களா?"

"ஆட்டோட மூச்சு வேறுங்க, கோழியோட மூச்சு வேறுங்க. கோழிக்கு நுரையீரலோட காத்துப்பையும் இருக்குது. உள்ள போற காத்துல இருக்கற நஞ்சு சுருக்கா ரத்தத்துல ஏறிரும். எலிக்கு ஒரு கணக்கு, பூனைக்கு ஒரு கணக்கு. ஆடு தாங்குதுன்னு மனுசர் தாங்குவாங்கன்னு நம்பாதீங்க. இந்த மருந்தை மனுச ஒடம்பு கரிப்புகையில இருக்கற நஞ்சா மாத்திரும். மொதல்ல கதவைத் தொறங்க."

கதவு திறந்தது. பத்துப் பேர் தலைவலியோடு வெளியே வந்தார்கள். பதினோராவது ஆள் காவேரி, மூட்டைமேல் தலை சாய்த்திருந்தார். அசதியில் தூங்குகிறார் என்று மற்றவர்கள் எழுப்பாமல் விட்டிருந்தார்கள். எழுப்பியபோது எழவில்லை. டாக்டரும் மனுவேலும் தூக்கிவந்து காற்றில் கிடத்தி, எஸ்டேட் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிராணவாயு வைத்தபின் சாயங்காலம் காவேரி கண் விழித்தார். "முன்னாடி எழுதுனது என் தப்புங்க" என்று ரைட்டரிடம் சொல்லி, டாக்டர் தம் கையாலேயே சீட்டைத் திருத்தினார்.

அம்மையீர், படித்ததை மறவாத அறிவுக்கும், பிழையை மறைக்காத பெருமைக்கும் தலை வணங்குகிறோம். ஓய்வுக் காலத்தில் மலைக்காற்றை ஆற அமர அனுபவித்து, நோய் நொடி அண்டாமல், நூறாண்டு நிறைவாய் வாழ்க. கோபம் மட்டும் கொஞ்சம் குறைக.

இத்தகைய மடலில் பணியாளர் மட்டுமே கையெழுத்திடுவது வழக்கம். இன்று காலை, முதல் பஸ்ஸில் அந்தப் பதினொரு பெண்களும் வந்திறங்கினார்கள். வழக்கத்தை எடுத்துச் சொன்னோம். காவேரி கேட்டார்: "நாங்க மூச்சு உட்டுக்கிட்டு இருக்கறமுங்களே, கையெழுத்துப் போட அது போதாதுங்களா?"

பேனாவைக் கொடுத்தோம்.

இங்ஙனம்,
காவேரியும் பதின்மரும்,
அவர்களுக்குக் கீழே, மருந்தகப் பணியாளர்கள்.
ஏற்காடு.