அஞ்சு கட்டை

— பியானோவை மூடாதே. நான் இன்னும் பேசி முடிக்கல.

— மூடல, பாப்பா. மொதல்ல உக்காரு. மேக்கப்பைக்கூடக் கலைக்காம ஓடி வந்திருக்கே. ஷூட்டிங்ல என்னாச்சு?

— என் மானம் கப்பலேறிடுச்சு. பத்து வருஷமா அம்மா வேஷம், மாமியார் வேஷம்னு அழுதே காலத்தை ஓட்டினேன். இப்பதான் ஒருத்தர் ஜாஸ் பாடகியா நடிக்கக் கூப்பிட்டார், என் பாட்டை நானே பாடலாம்னு.

— தெரிஞ்சதுதானே.

— செட்ல வாசிக்க வேற ஆளு. எந்தச் சுருதிம்மான்னு கேட்டார். அஞ்சு கட்டைன்னேன். இருபது வயசுலேர்ந்து அதே சுருதி, இன்னும் எறங்கலன்னு எல்லார் முன்னாடியும் பீத்திக்கிட்டேன் வேற.

— தண்ணி குடிக்கிறியா?

— மூணாவது வரியிலேயே குரல் கிழிஞ்சுபோச்சு, அண்ணா. யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை. பாட்டுக்கு வேற குரல் வச்சுக்கலாம், நீங்க வாயசைச்சா போதும்னு டைரக்டர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

— ஏதாவது ஜலதோஷமா இருக்கும்...

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே. போன வாரம் நீ வாசிச்சு நான் பாடினது என் போன்ல இருந்துச்சு. போட்டுக் காட்டினேன். இது மூணு கட்டைம்மான்னார் செட்ல வாசிச்சவர்.

— அந்த போனைக் கொஞ்சம் குடு.

— போன் எதுக்கு? எனக்குப் பதில் சொல்லு.

— நான்தான் எறக்கினேன். ஒரேயடியா இல்ல, அரை அரைக் கட்டையா. நீ சபையைப் பாத்துப் பாடுவே. என் கையை எங்கே பாத்தே?

— ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— சொல்லியிருந்தா பாட்டையே விட்டிருப்பே. நீதான் தொட்டாச்சிணுங்கியாச்சே.

— எப்பலேர்ந்து?

— அதெல்லாம் இப்ப எதுக்கு, பாப்பா? காபி போடறேன், இரு.

— நீ உக்காரு. வயசாச்சு, எறக்கினே. பொறுத்துக்கறேன். படமும் போனாப் போகட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். என் பொண்ணைப் புதைச்ச மூணாவது வாரம் மேடை ஏறினேன், ஞாபகம் இருக்கா?

— மறக்கிற நாளா அது.

— வாயைத் தொறந்தா அழுகைதான் வரும்னு நெனச்சேன். அன்னிக்குன்னு பாத்து ஒரு பிசிறு இல்ல. மேல் வரியை அநாயாசமாத் தொட்டேன். அஞ்சு கட்டையில. அன்னிக்கு என்னைத் தாங்கினது என் குழந்தைதான், அண்ணா. அந்த ஒரு நெனப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பன்னெண்டு வருஷமா உயிரோட இருக்கேன். ஏன் தலையைக் குனியறே?

— விடு, பாப்பா.

— அதுக்கப்புறம்தானே எறக்கினே? என் முகத்தைப் பாத்துச் சொல்லு. அதுக்கப்புறம்தானே?

— ஒத்திகையில உனக்கு மூச்சே வரல. சபை நெறைய ஆளுங்க. எனக்கு வேற வழி தெரியல. அன்னிக்குத்தான், பாப்பா, மொதல் தடவை.