மர மரை

“மேல்பாதி பிரான்சுல கீது” என்ற குரல் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். பாகூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். பேசியவர் மடியில் பில்லியர்ட்ஸ் குச்சியின் அடிப்பாதி மட்டும், மேல்பாதியைத் திருகிச் சேர்க்கும் மரையோடு இருந்தது.

“அங்க எப்படிப் போச்சு மச்சான்?”

“தம்பி எடுத்துக்கினு போனான். ஆளுக்குப் பாதி, வந்து சேர்த்து ஆடலாம்னான்.”

“திருபுவனை லேத்துல பித்தளை மரை வெச்சு வேற மேல்பாதி மாட்டிக்கயேன்.”

“பித்தளைன்னா பந்து பட்டது காதுக்குத்தான் கேக்கும் மாப்ள. இது மரத்துலயே கடைஞ்ச மரை, உள்ளங்கையில தெரியும். இதை அறுத்துட்டா அவன் பாதி அப்புறம் சேராது.”

“லெட்டர் போட்டானா?”

அவர் மரையில் இருந்த தூசியைத் துண்டால் துடைத்தார்.

“போட்டான். அவன் பாதிக்குப் பித்தளை வெச்சு வேற அடிப்பாதி மாட்டிக்கினானாம். ஜோரா அடிக்குதாம்.”