ரெண்டாயிரத்து நூத்திப் பத்து மைலு

அந்தக் கண்ணாடியத் தட்டிப் பாக்க வேணாம் சார், ஒரிஜினலுதான். மூலையில பொடிசா இங்கிலீசுல இன்னாவோ எழுதிக் கீதே, எல்லாக் கண்ணாடியிலயும் அதே கீது பாருங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா எல்லாம் ஒரே மாரி கீதான்னு கண்ணுக்குத் தெரியாதா? பதினாறு வருசமா தொடைக்கிறவன் சார் நானு. ஐசக்கு. சின்ன ஆண்டை மெட்ராஸ்ல சொல்லியிருப்பாரே.

நாப்பத்தெட்டுல எடுத்தாரு பெரிய ஆண்டை. சின்னவரோட அப்பா. உத்திரமேரூரு சுத்துவட்டாரத்துல பியூக்கு வண்டி அப்ப இது ஒண்ணுதான். பெருநகரு கிராமத்துலேர்ந்து கூட ஜனம் சோத்தக் கட்டிக்கினு வந்து பாத்துட்டுப் போச்சி. ஆரன் அடிக்கட்டுமா? வேணாமா. செரி, கோழிங்களும் பயந்துக்கும்.

டயரு கூட வண்டியோட வந்ததுதான். தரையில நின்னா டயரு கெட்டுப்பூடும்னு பாண்டுரங்கன் சொன்னான், அதான் செங்கல்லு அடுக்கித் தூக்கி நிறுத்திக் கீறேன். பாண்டுரங்கன்னா டிரைவரு. வெள்ளிக்கெயமை வெள்ளிக்கெயமை இஞ்சின மட்டும் ஓட வுடுவேன். ஆயுத பூசைக்கு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பயம் வெப்பேன். நான் வேதக்காரன்தான் சார், ஆனா வண்டி இந்து வண்டியாச்சே. சக்கரம் தரையிலயே படாது, பயம் எங்க நசுங்கும்? மறுநாளு எங்க வூட்ல மார்த்தாளு எடுத்து ஊறுகா போட்டுடும்.

பின்சீட்ல குந்திப் பாருங்க சார். சும்மா குந்துங்க. எப்பிடி கீது? மெத்து மெத்துன்னு. தோலு மாத்தல, ஒரு தையலு பிரிக்கல. எங்க, ஓரத்துலயா? மஞ்சளாவா கீது? அது வெயிலு சார். ஷெட்டுக்குள்ள ஏது வெயிலா? ஓடு ஒடைஞ்சிருந்துது கொஞ்ச நாளு. சாயம் கீயம் ஒண்ணும் இல்ல, மோந்து பாருங்களேன்.

எனக்கு ஏன் இவ்ளோ அக்கறையின்னு பாக்கறீங்க. மறைக்கிறதுக்கு இன்னா கீது. இந்த ஷெட்டு, பின்னால எங்க குடிசை, எல்லாம் ஆண்டை மனைதான். ரைஸ் மில்லுக்காரன் மனைய வெலைக்குக் கேக்கறான். சின்னவரு சொல்லிக் கீறாரு, மெட்ராஸ் சாரு வந்து வண்டியில எதுவும் மாத்தல, மீட்டரு நெஜம்னு எழுதிக் குடுத்துட்டா, குடிசை கீற அஞ்சு சென்டும் உம்பேர்ல எழுதிடறேன் ஐசக்குன்னு. இல்லன்னா மில்லுக்காரன் மொத்தமா இடிச்சிடுவான். வக்கீலு சார் அவரு, சொன்னா செய்வாரு. அதனால பாத்து எழுதுங்க. பொய் எழுத வேணாம். கீறத எழுதுங்க, போதும்.

மீட்டரு ரெண்டாயிரத்து நூத்திப் பத்து. ஆமா, அவ்ளோதான். திருப்பியெல்லாம் வெக்கல சார், கர்த்தர் மேல ஆணை. இப்பிடி செவுத்தப் பாருங்க. கரிக்கட்டையால எழுதிக் கீதே, எல்லாம் பெரிய ஆண்டை கைப்பட எழுதினது. தெனம் காலையில வருவாரு, மீட்டரப் பாப்பாரு, செவுத்துல எழுதுவாரு, போவாரு. யாரும் தெரியாம ஓட்டிடக் கூடாதுன்னு. கடைசியா இன்னா எழுதிக் கீது? அதே ரெண்டாயிரத்து நூத்திப் பத்து. தேதி அம்பத்தி ஒண்ணு. செவுரும் மீட்டரும் ஒத்துப் போவுதா? அப்புறம் இன்னா சார்?

ஓடற வண்டிய பதிமூணு வருசம் ஏன் நிறுத்தி வெச்சாருன்னா... பெட்ரோலு வெலை சார். நாலு ரைஸ் மில்லு வாங்கற வசதி கீறவருக்கு பெட்ரோலு ஒரு வெலையான்னா, அதுவும் செரிதான். ரோடு மோசம். வயசாயிட்சி. அம்பத்தி ஒண்ணுல அவருக்கு நாப்பது வயசுதான், ஆமா. நல்லா கணக்குப் போடறீங்க.

சார், நோட்ட ஏன் மூடறீங்க? ஆயிரத்துல ஒரு வண்டின்னு இப்பத்தான சொன்னீங்க? காரணம் தெரியாம மீட்டர நம்ப மாட்டீங்களா?

செரி. கேளுங்க. அந்தக் கடைசி நம்பருக்கு மேல கீறதப் படிங்க. ரெண்டாயிரத்து எயுபத்தி நாலு. நடுவுல முப்பத்தி ஆறு மைலு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி போவ பதினெட்டு, வர பதினெட்டு.

மார்கயி மாசம், நடவு. மார்த்தாளுக்கு நெற மாசம், கயனியிலயே வலி வந்துட்சி. ரெண்டு நாளா புள்ள வெளிய வரல. நம்ப கையில இல்லன்னு மருத்துவச்சி எயுந்து பூட்டா. ஆண்டை திருப்பதி போயிருந்தாரு. மார்த்தாளு கத்தற கத்து மாடி வரைக்கும் கேட்டுக் கீது. ஆண்டையம்மா, ராணியம்மாள், மேலேர்ந்து சாவியப் போட்டாங்க. பாண்டுரங்கன் ஓட்டினான். இந்த சீட்லதான் சார், நீங்க குந்திக்கினு கீற எடத்துலதான் படுக்க வெச்சேன். பாதி தூரம் கூட போவல, ரோடு குலுக்கின குலுக்குல மேரி பொறந்துட்டா. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தத்த நிறுத்தி, மறுநாளுதான் திரும்பினோம்.

ஆண்டை வந்தாரு. மீட்டரப் பாத்தாரு, செவுத்தப் பாத்தாரு. யாருன்னு கேட்டாரு. சொன்னேன். திட்டல சார், அடிக்கல. ஏயு கொடம் மஞ்சத்தண்ணி ஊத்தி சீட்டக் கயுவச் சொன்னாரு. அதான் அந்த ஓரத்துல மஞ்சளு, வெயிலு இல்ல. அப்புறம் கரிக்கட்டைய எடுத்து அந்த நம்பர எழுதினாரு. அதோட செரி. எங்க ஜாதிப் பொம்பள புள்ள பெத்த சீட்டு. செத்துப் போற வரிக்கும் மாட்டு வண்டியிலதான் போனாரு வந்தாரு. விக்கவும் இல்ல. வித்தா ஏன் விக்கறன்னு நாலு பேரு கேப்பானே.

அதான் சார் மைலு கம்மி. நீங்க சொல்ற அந்த வெலையே அதுக்குத்தான? மீட்டரு சத்தியம். மேரிக்கு இப்ப பதிமூணு வயசு, கூப்பிட்டுக் காட்டட்டுமா?

இன்னா சார், சடார்னு எயுந்துட்டீங்க? கையெயுத்து எறங்கித்தான் போடணுமா? குந்திக்கினே போடுங்க சார். சீட்டு காஞ்சி பதிமூணு வருசம் ஆவுது.