துரைக்கு இருட்டு வேணும்

— லைட்டைப் போடாதீங்க. துரை இப்பத்தான் தூங்கியிருக்கு.

— இன்னும் பொழுதே முழுசா சாயலயே, அதுக்குள்ளயா?

— பொழுது சாயறப்பவே ஜன்னலையும் கூண்டையும் மூடிடணும்னு பறவை டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. மெதுவா பேசுங்க. செருப்பை அப்படி ஓரமா கழட்டுங்க.

— என் வீட்டுக்குள்ள நானே திருடன் மாதிரி வர வேண்டியிருக்கு. பஸ் டிப்போவுல நாள் பூரா வண்டிக்கு அடியில இருட்டு. இங்க வந்தா இங்கயும் இருட்டு.

— உக்காருங்க. நாற்காலி உங்க இடது பக்கம் இருக்கு.

— தெரியும். ஒரு மாசமா தடவித் தடவிப் பழகிப்போச்சு. டீ இருக்கா?

— ஃபிளாஸ்க்ல இருக்கு. இருங்க, நானே ஊத்தறேன். நீங்க ஊத்தினா தரைக்குத்தான் கிடைக்கும். என்ன இது, விரல்ல இன்னும் கட்டு பிரிக்கலையா?

— உன் துரை கடிச்ச கடி. அவ்வளவு லேசுல ஆறுமா? ஸ்பேனர் பிடிக்க முடியல. கூட வேலை செய்யறவங்க என்ன ஆச்சுன்னு கேக்கறாங்க. உள்ளங்கையில அடங்கற கிளி கடிச்சிடுச்சுன்னா மானம் போயிடும். கதவுல நசுங்கிடுச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

— நீங்க என் பக்கத்துல வந்து உக்காந்தீங்க, அதான் கடிச்சுது. அதுக்கு உங்க மேல கோபம் இல்லீங்க. பொறாமை.

— கோபம்னாலும் பொறாமைன்னாலும் ரத்தம் ஒரே மாதிரிதான் வருது.

— அது உங்களைப் போட்டிக்கு வந்த இன்னொரு ஆண் கிளின்னு நினைக்குதாம்.

— தலையில முடியில்லாத கிளி. சரி விடு. உன்னை என்னன்னு நினைக்குதாம்?

— சொன்னேனே.

— எங்க சொன்னே? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தே, கூண்டை மூடினே, சத்தம் போடாதீங்கன்னே. அதோட சரி. எப்பக் கேட்டாலும் பேச்சை மாத்திடறே.

— பொண்டாட்டின்னு நினைக்குதாம்.

— ம்.

— தின்னதையெல்லாம் என் விரல்ல கக்கிக்கிட்டே இருந்துச்சுல்ல. சீக்குன்னுதானே தூக்கிக்கிட்டு ஓடினேன். சீக்கெல்லாம் இல்லையாம். ஆண் கிளி தன் ஜோடிக்கு அப்படித்தான் ஊட்டிவிடுமாம். எனக்கு ஊட்டியிருக்கு.

— ஊட்டியிருக்கா.

— நான் பண்ணினதைக் கேளுங்க. வயிறு சரியில்லை போலன்னு தீனியை வெதுவெதுப்பா குழைச்சுக் கொடுத்தேன். குளிருதோ என்னமோன்னு செருப்பு டப்பாவுல துணியைப் போட்டு உள்ள விட்டேன். மடியில வச்சு முதுகைத் தடவித் தடவித் தூங்க வச்சேன். எதுவுமே பண்ணக்கூடாதாம். டப்பாவைப் பார்த்தா முட்டை வைக்கிற பொந்துன்னு தோணுமாம். முதுகைத் தடவினா கேக்கவே வேண்டாம். நான் பார்த்த வைத்தியம் பூரா சம்மந்தம் பேசின மாதிரி ஆயிடுச்சு.

— நல்ல சம்மந்தம்.

— சிரிக்காதீங்க. டாக்டரம்மா எதிர்ல எனக்கு வெட்கமாப் போச்சு. இந்த வயசுல ஒரு கிளிக்கு ஆசை காட்டிட்டு உக்காந்திருக்கேன்.

— அதுக்கும் இந்த இருட்டுக்கும் என்ன சம்பந்தம்?

— பகல் நீளமா இருந்தா, குடும்பம் நடத்தற காலம் வந்துடுச்சுன்னு அதோட உடம்பு நினைச்சுக்குமாம். நம்ம லைட்டு, டிவி, போன் வெளிச்சம் எல்லாமே அதுக்குப் பகல்தான். சீக்கிரமே இருட்டாக்கிட்டா அந்த வேகம் தானா அடங்கிடுமாம். இனிமே தலையை மட்டும்தான் தொடணும்.

— எனக்குக் காய்ச்சல் வந்தப்போ மாத்திரையை மேஜையில வச்சுட்டு நீ பாட்டுக்குக் கடைக்குப் போயிட்டே. அதுக்கு மட்டும் மடி.

— நீங்க கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்தீங்க. அது சாத்தல.

— சரி விடு. கால் வலியா? தேய்ச்சுக்கற சத்தம் கேக்குது.

— துணிக்கடையில நாள் பூரா நின்னா வலிக்காம என்ன பண்ணும்?

— ஸ்டூலை இப்படித் தள்ளறேன். தூக்கி வச்சுக்கோ.

— நீங்களா சொல்றீங்க?

— வேற யாரு, துரையா? மக போன் பண்ணாளா?

— பண்ணா. துரை எப்படியிருக்குன்னு கேட்டா. அப்பா எப்படியிருக்காருன்னும் கேட்டா.

— அந்த வரிசையிலயா.

— வரிசையை நான் போடலைங்க. உங்க பெட்டியை எடுத்து வச்சிருக்கேன். சட்டையெல்லாம் தேய்ச்சாச்சு. திங்கக்கிழமைதானே மாத்தலான ஊர்ல வேலையில சேரணும்?

— ஆமா. குவார்ட்டர்ஸ் கொடுக்கறாங்க. சமையல்கட்டுல பெரிய ஜன்னல் இருக்காம்.

— தனியாப் போறவருக்கு ஜன்னல் பெருசா இருந்தா என்ன, சின்னதா இருந்தா என்ன?

— சும்மா சொன்னேன். நாய், பூனை, கிளி எதுவும் வளர்க்க விடமாட்டாங்களாம்.

— அதையும் அன்னைக்கே சொல்லிட்டீங்க.

— இன்னைக்கு என்ன, சத்தத்தையே காணோம்? தினமும் என் குரல் கேட்டா துணிக்குள்ளேர்ந்து அலகைக் கரகரன்னு தேய்க்குமே.

— அடங்கிட்டு வருது போல.

— லேசாத் தூக்கிப் பார்க்கட்டுமா?

— துணியைத் தொடாதீங்க. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணாயிடும்.

— சரி, சரி. ஒண்ணு சொல்லட்டுமா? இருட்டா இருக்கறதால சொல்றேன். உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்கு வாய் வராது.

— சொல்லுங்க.

— மாத்தல் ஆர்டர் வந்த அன்னைக்கே நீயும் வாயேன்னு கூப்பிடணும்னுதான் இருந்தேன். எத்தனையோ தடவை தொண்டை வரைக்கும் வந்துச்சு. உன் தோள்ல உக்காந்துக்கிட்டு அது என்னை முறைக்கும். மக வேலைக்குன்னு போனதுக்கப்புறம் இந்த வீட்டுல நீ வாயைத் திறந்து பேசினதே அதுகிட்டதான். அதை விட்டுட்டு வான்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறது?

— நீங்க போனைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. அது என்னைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. வேற யார்கிட்ட பேசுவேன்?

— ஒத்துக்கறேன். நீ மாட்டேன்னு சொல்லிட்டா எந்தச் சுவத்துல போய் முட்டிக்கறதுன்னு பயம். அதான் தனியாவே போறேன்னுட்டேன். இந்த ஒரு மாசமாத்தான் நாம மனுஷங்க மாதிரி பேசிக்கறோம். அங்க போய் ஒத்தை ரூம்ல உக்காந்து நான் யார்கிட்ட பேசப்போறேன், சொல்லு.

— கேட்டிருக்கலாம்ல.

— இப்பக் கேக்கறேன். வர்றியா? ஆனா, அது இருக்கே. அதை என்ன பண்றது?

— காலையிலேயே டாக்டரம்மாகிட்ட கொடுத்துட்டேங்க, அவங்க வீட்டுல அதுக்கு ஒரு ஜோடி இருக்கு. கூண்டு காலிதான். லைட்டைப் போட்டா நீங்க போனை எடுத்துடுவீங்கன்னுதான் மூடி வச்சேன்.