பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகள்

என் பெயர் உசோவமாக்கா உமெயாடி. வயது அறுபத்திரண்டு. காலஞ்சென்ற அரின்ஸெச்சுக்வு உமெயாடியின் மனைவி. அனம்ப்ரா மாநிலம் உமுவோகு ஊரில் சந்தைக்குப் பின்தெருவில் குடியிருக்கிறேன். பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் கொழுந்தனார் எஜிக்கே கொடுத்த புகாரின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, சார்ஜென்ட் டெர்வர் முன்பாக இதைச் சொல்கிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை என் கணவரின் அடக்கத்தன்று, வாசலில் கட்டியிருந்த துணிப் பேனரைக் கத்தரிக்கோலால் வெட்டியது நான்தான். ஆனால் இறந்தவரின் பெயரை வெட்டியதாகப் புகாரில் கண்டிருப்பது தவறு. பெயரை நான் தொடவில்லை. அதற்குப் பின்னால் வந்த எழுத்துகளைத்தான் வெட்டினேன்.

அவை என்ன எழுத்துகள் என்று சார்ஜென்ட் கேட்டதால் சொல்கிறேன். "ஜே.பி." என்பது அரசு கொடுக்கும் கௌரவ நீதிபதிப் பட்டம், அதை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். "ஊடா" என்பதும் முதலெழுத்துகள்தான், எங்கள் ஊர் முன்னேற்றச் சங்கத்தினுடையவை. ஆனால் அதை ஒரே சொல்லாகச் சொல்லிப் பழகிவிட்டார்கள். பெயருக்கு முன்னால் இருந்த "இஞ்." தாளில் மட்டும் குறுகும், வாயில் முழு இஞ்சினியராகிவிடும். அதை நான் வெட்டவில்லை, அவர் படித்து வாங்கியது. இவை போக, வீட்டில் பெயரின் வாலை நறுக்கிக் கூப்பிடுவது ஒரு வகை. எங்கள் ஒரே மகள் இஃபெயின்வாவை இஃபி என்று அழைத்தோம். பிள்ளையைப் போல எதுவும் இல்லை என்பது முழுப் பெயரின் பொருள். நறுக்கும்போது பிள்ளை என்ற பகுதிதான் விழுந்துபோகிறது. அப்போது அதை யாரும் கவனிக்கவில்லை.

இஃபி பிறந்த பிறகு, எங்கள் பக்கத்து வழக்கப்படி, ஊரே என் கணவரை "இஃபி அப்பா" என்று கூப்பிட்டது. அவள் பதினோரு வயதில் காய்ச்சலில் இறந்தாள். அதன் பிறகு எங்கள் மனம் நோகக் கூடாதென்று ஊர் அந்தப் பெயரை விட்டுவிட்டது. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், அவரைக் கண்டால் இருமினார்கள். அதன் பிறகுதான் அவர் பட்டங்கள் வாங்கத் தொடங்கினார். ஒவ்வொரு பட்டத்துக்கும் பந்தல் போட்டு ஆடு வெட்டினோம். அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "வீட்டுக்குள்ள நீ மட்டுமாவது பழையபடி கூப்பிடு." தினமும் காலையில் தேநீர் வைத்துக் கூப்பிடுவேன். "என்னம்மா" என்பார்.

மருத்துவமனையில், கடைசியாக நினைவு இருந்தபோது, குழியில் இறக்கும்போதும் அப்படியே கூப்பிடச் சொன்னார். நானும் சரி என்றேன்.

அவர் இறந்த பிறகு எஜிக்கேயிடம் இதற்கு அனுமதி கேட்டேன். கணவரின் பங்காளிகள் என்னை "நம்ம மனைவி" என்றுதான் அழைப்பார்கள். எங்கள் வழக்கம் அது. எஜிக்கே சொன்னார்: "நம்ம மனைவி, செத்த பிள்ளை பேர வெச்சு ஒரு பெரிய மனுஷன அனுப்புவாங்களா? ஊர் சிரிக்கும்."

"ஊடான்னு கத்தி அனுப்பினா சிரிக்காதா?" என்றேன்.

"டீச்சர் வேலைய பள்ளிக்கூடத்தோட விடு," என்றார்.

எங்கள் ஊர் அடக்கங்களில், விழா நடத்தும் எம்.சி. பேனரைப் பார்த்துத்தான் வாசிப்பார். கடைசி எழுத்து முடிந்ததும் பேண்டு வாத்தியம் தொடங்கிவிடும், சவப்பெட்டி இறங்கிவிடும். நடுவில் மூச்சுவிடக்கூட இடம் இருக்காது. எனக்குக் கொஞ்சம் இடம் தேவைப்பட்டது. எனவே எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலுக்குப் போய்ப் பெயர் முடியும் இடத்தோடு பேனரை நறுக்கினேன்.

அதன் பிறகு பேனரைக் குழிக்கரையில் பிடித்தார்கள். எம்.சி. "இஞ்சினியர் அரின்ஸெச்சுக்வு உமெயாடி" என்று வாசித்து, அடுத்ததைத் தேடி, "மம்மி, மிச்சம் எங்க?" என்று மைக்கிலேயே என்னைக் கேட்டார். சிலர் சிரித்தார்கள். பேண்டுக்காரர்கள் கடைசி எழுத்துக்காகக் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் நான் "இஃபி அப்பா" என்று கூப்பிட்டேன். காலையில் கூப்பிடும் அதே குரலில்தான் கூப்பிட்டேன். அதன் பிறகு, பழக்கத்தில், பதிலுக்காக நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. எஜிக்கேதான் பேண்டுக்குக் கை காட்டினாராம். மறுநாள் முதல் நான் "நம்ம மனைவி" இல்லை, "அந்தப் பொம்பள".

வெட்டிய துண்டு என் கைப்பையில் இருந்தது; இப்போது ஒப்படைக்கிறேன். எழுத்து ஒன்றும் குறையவில்லை. வேண்டுமானால் தைத்துக்கொள்ளலாம்.

மேலே சொன்னதெல்லாம் நடந்தது நடந்தபடி. சார்ஜென்ட் படித்துக் காட்டினார், சரியாக இருக்கிறது. "முதலெழுத்துப் போட்டா போதும், மேடம்," என்றார். போதாது என்று சொல்லி, முழுதாகவே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
இஃபெயின்வாவின் அம்மா